கப்பல் ஏறப் போகிறீர்களா, சகோதரியே?

பள்ளிக்கூட விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளில் ஒரு பேச்சுக் கிளம்பும்: "இந்த முறை எங்கே போவது?" பல வீடுகளில் அது நுவரெலியா என்றுதான் முடியும். வேன் ஒன்று பேசப்படும். பின் ஆசனத்தில் பாய், தலையணை. அதற்குக் கீழே அரிசி, கறித்தூள் டின், சட்டி பானை, கேஸ் அடுப்பு. வாடகைக்கு எடுத்த பங்களாவிலிருந்து வாப்பாவும் பிள்ளைகளும் பூந்தோட்டம் பார்க்கப் புறப்படுவார்கள். உம்மாவும் மாமியும் அந்தக் குளிரிலே வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்கள். திரும்பி வந்ததும் "பயணம் எப்படி?" என்று கேட்டால், "அல்ஹம்துலில்லாஹ், நல்லம்" என்பார்கள். ஆனால் அவர்கள் கண்ட நுவரெலியா ஒரு குசினி ஜன்னலுக்குள் அடங்கியதுதான்.

உல்லாசக் கப்பல் பயணம் என்றால் பணக்காரர்களின் விஷயம் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருந்தோம். இன்று வெளிநாட்டில் உழைக்கும் மகனோ சகோதரனோ "உம்மாவை ஒரு தடவை கப்பலில் கூட்டிப்போக வேண்டும்" என்று சொல்வதைக் கேட்கிறோம். அந்தப் பயணத்தில் நமக்குப் பிடித்த ஒரே விஷயத்தை முதலில் சொல்லிவிடலாம்: குசினி நம்மோடு கூட வராது. உறங்கும் அறை, உணவு, பிள்ளைகளின் விளையாட்டு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்; அந்த இடமே ஊர் ஊராக நகரும்.

ஆனால் ஆயத்தமில்லாமல் ஏறினால், இறக்கி வைத்த சுமை வேறு உருவத்தில் பெண்ணின் தலையிலேயே வந்து ஏறும். ஹலால் சாப்பாடு கிடைக்குமா, தொழ இடமுண்டா, பிள்ளை எங்கே ஓடுகிறது, பில் எவ்வளவு வரும் என்று நாள் முழுக்கத் தவிப்பது ஓய்வாகாது. ஆகவே வீட்டிலிருந்தே செய்யவேண்டிய ஆயத்தங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம், வாருங்கள்.

எந்தப் பாதை?

முதற் பயணத்துக்கு நமக்கு வசதியான துறைமுகம் சிங்கப்பூர். கொழும்பிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். அங்கே இரண்டு பயணிகள் கப்பல் முனையங்கள் உள்ளன. ஹார்பர்ஃப்ரன்ட் பகுதியில் இருப்பது 1991இலும், மெரினா பே முனையம் 2012இலும் திறக்கப்பட்டவை. எந்த முனையம் என்பதை டிக்கட்டில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டாக்சிக்காரர் உங்களிடம் கேட்கும் முதற் கேள்வி அதுதான்.

அங்கிருந்து மூன்று, நான்கு, ஐந்து இரவுப் பயணங்கள் உண்டு. மலாக்கா நீரிணையில் வடமேற்காக ஏறி, கோலாலம்பூருக்குரிய கிள்ளான் துறைமுகத்தையும் பினாங்கையும், சில கப்பல்கள் தாய்லாந்தின் புக்கெட்டையும் தொட்டுத் திரும்பும். ஒரு பக்கம் மலாயாக் கரை, மறுபக்கம் சுமாத்திரா தீவு. இரண்டுக்கும் நடுவே மறைந்து செல்வதால் அந்தக் கடல் பெரும்பாலும் அமைதியானது. கப்பலுக்கு இதுவரை பழகாத வயிற்றுக்கு இது பெரிய உதவி.

இன்னொரு செய்தியையும் அறிந்து வைத்திருங்கள். 2024 டிசம்பரில் 'அரோயா' என்ற சவூதி அரேபியக் கப்பல் ஜித்தாவிலிருந்து ஓடத் தொடங்கியது. நீளம் 335 மீற்றர். 1,600க்கு மேற்பட்ட கெபின்கள். அதில் மதுபானமும் இல்லை, சூதாட்டமும் இல்லை, உணவு ஹலால், பெண்களுக்கென ஒதுக்கிய இடங்களும் உண்டு. முஸ்லிம் குடும்பங்களை மனதில் வைத்தே ஒரு பெரிய கப்பலை ஓட்டலாம் என்பதற்கு அது சான்று. மற்றக் கப்பல்களில் இந்த வசதிகளை நாம் கேட்டுத்தான் பெற வேண்டும். கேட்கத் தயங்கத் தேவையில்லை. காசு கொடுத்துப் போகிறோம்.

பணக் கணக்கு

விளம்பரத்தில் போட்டிருக்கும் விலை பெரும்பாலும் ஒரு கெபினில் இருவர் தங்கும்போது ஒருவருக்கான விலை. மூன்றாவது, நான்காவது ஆளுக்குச் சில வேளை குறையும். அதற்கு மேல் துறைமுக வரி வரும். அதற்கும் மேல் 'சேவைக் கட்டணம்' என்று பணியாளர்களுக்கான தொகை ஒவ்வொருவர் பெயரிலும் நாளாந்தம் எழுதப்படும். பெரிய அமெரிக்கக் கம்பனிகளில் இது ஏறக்குறைய 15 முதல் 20 டொலர் வரை. ஐந்து பேர், நான்கு இரவு என்றால் நீங்களே பெருக்கிப் பாருங்கள். சிறு பிள்ளைக்கும் சேர்த்தே போடுவார்கள்.

தண்ணீர், தேநீர், கோப்பி, பிரதான சாப்பாடு ஆகியவை பெரும்பாலும் டிக்கட் விலையில் அடங்கும். சோடா, புதிதாகப் பிழிந்த பழரசம், விசேட உணவகங்கள், இணைய வசதி, கரையில் சுற்றுலா பஸ், கப்பலின் புகைப்படக்காரர் எடுக்கும் படம் எல்லாம் தனிக்காசு. கப்பலில் கையிலிருந்து நோட்டு எடுத்துக் கொடுப்பதில்லை. அறைத் திறப்பான அட்டையைக் காட்டினால் போதும், கணக்கில் ஏறிவிடும். காசு போவது கண்ணுக்குத் தெரியாது என்பதால் பிள்ளைகளின் அட்டையில் செலவு செய்ய முடியாதபடி முதல் நாளே வரவேற்பு மேசையில் சொல்லித் தடுத்துவிடுங்கள். ஒவ்வொரு இரவும் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைபேசி விஷயத்தில் மிகக் கவனம். கரை மறைந்ததும் கப்பலிலுள்ள கடல்சார் வலையமைப்போடு தொலைபேசி தானாகவே இணைந்துவிடும். அதன் கட்டணம் தலைசுற்ற வைக்கும். கப்பல் புறப்பட்டதும் எல்லாருடைய கைபேசியையும் 'விமான நிலை'க்கு மாற்றிவிடுங்கள்.

கடன் வாங்கிப் போகவேண்டிய பயணம் இது அல்ல. இந்த ஆண்டு முடியாவிட்டால் ஒரு சீட்டுப் போட்டு அடுத்த ஆண்டு போகலாம். ஆனால் போவதென்றால் பயணக் காப்புறுதிக்கு மட்டும் கையைச் சுருக்காதீர்கள். கப்பலில் டொக்டர் இருப்பார், சிறு வைத்தியசாலையும் இருக்கும், இரண்டும் இலவசமல்ல. நோயாளியை நடுக்கடலிலிருந்து கரைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் அந்தச் செலவை ஒரு குடும்பம் தாங்காது.

கெபின் தெரிவு

ஜன்னலே இல்லாத உள் அறை, கடல் தெரியும் ஜன்னல் அறை, பல்கனி அறை என்று மூன்று வகை. விலையும் அந்த வரிசையில் ஏறும். இளம் பிள்ளைகள் மட்டும் என்றால் உள் அறை போதும், உறங்கத்தானே போகிறார்கள். வயதான உம்மாவோ மாமியோ கூட வந்தால், முடிந்தால் பல்கனி எடுங்கள். ஹிஜாப்பைத் தளர்த்திக்கொண்டு கடற்காற்றில் உட்காரப் பெண்ணுக்குக் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். ஆனால் பக்கத்துப் பல்கனியிலிருந்தும் மேற்தட்டிலிருந்தும் பார்வை விழுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளை இருந்தால் பல்கனிக் கதவு எப்போதும் பூட்டியே இருக்க வேண்டும். கதிரையை வேலியோரம் விடக்கூடாது.

தலைசுற்றல் பயமுள்ளவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியிலும் கீழ்த்தட்டிலும் உள்ள அறையே நல்லது. ஊஞ்சலின் ஓரம் ஆடும் அளவுக்கு நடு ஆடாது அல்லவா? அதே கணக்குத்தான். முழங்கால் வலியுள்ளவர்களுக்கு லிப்டுக்குப் பக்கத்து அறை கேளுங்கள். பெரிய கப்பலின் நடைபாதை ஒரு தெருவளவு நீளம்.

குளியலறை சிறியது. நம் வீட்டில் இருப்பதுபோல் கைக்குழாய் பெரும்பாலும் இருக்காது; கழுவிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் கோப்பையோ வாய் ஒடுங்கிய போத்தலோ கொண்டு போங்கள். கழிவறை காற்றின் இழுவிசையால் வேலை செய்வது. பெரிய சத்தத்தோடு இழுக்கும், சிறு பிள்ளை பயந்துவிடும். அதற்குள் துணியோ, பிள்ளையின் நெப்பியோ போட்டால் உங்கள் அறை மட்டுமல்ல, பக்கத்து அறைகளும் சேர்ந்து அடைபடும்.

அறையில் மினி பார் இருந்தால், "இதிலுள்ள மதுபானங்களை எடுத்துவிடுங்கள்" என்று அறைப் பணியாளரிடம் சொல்லுங்கள். எடுத்துவிடுவார். அந்த இடத்தில் பிள்ளையின் பாலையும் மருந்தையும் வைத்துக்கொள்ளலாம்.

ஏறும் நாள்

விமானத்தில் வந்திறங்கிய அன்றே கப்பல் ஏறத் திட்டமிடாதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. முதல் நாளே சிங்கப்பூர் போய் ஓர் இரவு தங்குங்கள். சிங்கப்பூர் நேரம் நமது நேரத்தை விட இரண்டரை மணி முன்னே என்பதையும் மறவாதீர்கள்.

கடவுச்சீட்டு பயணம் முடிந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டுமா என்று அந்தந்தத் தூதரகத்தில் கேளுங்கள். "நாங்கள் கரை இறங்கமாட்டோம், கப்பலிலேயே இருப்போம்" என்ற பதில் செல்லாது. விசா இல்லாதவரை ஏற்றவே மாட்டார்கள். பயணம் முடிந்து சிங்கப்பூருக்கு இரண்டாம் தடவை நுழைகிறீர்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். கணவர் வெளிநாட்டில் இருக்க நீங்கள் மட்டும் பிள்ளைகளோடு போவதானால், அவருடைய சம்மதக் கடிதம் ஒன்றும் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளும் கையில் இருக்கட்டும்.

கர்ப்பிணிகள் பயண முடிவில் 24 வாரத்தைத் தொடுவதாக இருந்தால் பெரும்பாலான கப்பல்களில் அனுமதி இல்லை. குழந்தைக்கு ஆறு மாதமாவது நிறைந்திருக்க வேண்டும். முற்பணம் கட்டுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

கப்பலில் ஏறுவதற்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நேரம் குறித்துக் கொடுப்பார்கள். முனையத்தில் பெரிய பைகளை ஒப்படைத்துவிட வேண்டும். அவை அன்று மாலையோ இரவோதான் அறை வாசலுக்கு வரும். எனவே மருந்து, கடவுச்சீட்டு, தொழுகை விரிப்பு, ஒரு மாற்றுடை, பிள்ளையின் பால் மா, நெப்பி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பாதுகாப்புச் சோதனை, குடிவரவு, பின்பு அட்டைக்கான படம். ஹிஜாபோடு படம் எடுப்பார்கள். முகத்திரை அணிபவர்கள் அடையாளத்துக்கு முகம் காட்ட வேண்டும். பெண் அதிகாரி வேண்டுமென்று அமைதியாகக் கேளுங்கள்.

இனி, கொண்டு போகக்கூடாதவை. இஸ்திரிப் பெட்டி, கேத்தல், ரைஸ் குக்கர், மெழுகுதிரி, சாம்பிராணிச் சட்டி எதுவும் கூடாது. கப்பலில் தண்ணீரை விட நெருப்புக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். ஓடி ஒதுங்கத் தெரு இல்லாத இடம் அது. வீட்டில் சமைத்த சாப்பாட்டையும் பெரும்பாலும் விடமாட்டார்கள். கடையில் முத்திரையிட்ட பிஸ்கட், பேரீச்சம்பழம் போன்றவற்றுக்குத் தடை இராது. மாமி ஆசையோடு கட்டித் தந்த மாசிச் சம்பலை வாசலில் பறிகொடுப்பதை விட, ஊரிலேயே சாப்பிட்டுவிட்டுப் போவது மேல்.

ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி

கப்பல் புறப்படுமுன் அவசரகாலப் பயிற்சி ஒன்று நடக்கும். பலர் அதைத் தொல்லையாக நினைத்து ஒதுங்கப் பார்ப்பார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகுதான், 1914இல், கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் சர்வதேச உடன்படிக்கை எழுதப்பட்டது. அதற்கு நூறு ஆண்டு கழித்து, 2012 ஜனவரி 13ஆம் திகதி, இத்தாலியக் கரையில் 'கொஸ்டா கொன்கோர்டியா' பாறையில் மோதிச் சரிந்து 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பயணிகளுக்கு அவசரப் பயிற்சி இன்னும் நடக்கவே இல்லை. அப்போதைய விதிப்படி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும். அந்த அவகாசத்துக்குள் விபத்து நடந்துவிட்டது. அதன்பின் விதி மாறியது. 2015 ஜனவரி முதல், புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனேயே பயிற்சி நடந்தாக வேண்டும்.

ஏழு குறுகிய ஒலி, அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலி. இதுவே ஆபத்தின் அறிவிப்பு. உங்கள் குடும்பம் எந்த இடத்தில் கூட வேண்டும் என்பது அட்டையில் எழுதியிருக்கும். பிள்ளைகளுக்கு அந்த எழுத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். ஒரு தடவை லிப்ட் இல்லாமல், படிக்கட்டால் அந்த இடத்துக்கு எல்லாரும் நடந்து பாருங்கள். ஆபத்து நேரத்தில் லிப்டைப் பாவிக்க முடியாது. குழந்தைக்கேற்ற உயிர்காப்பு அங்கி அறையில் இல்லாவிட்டால் அப்போதே கேட்டு வாங்குங்கள்.

சாப்பாட்டு மேசை

இனி நம் எல்லாருடைய முதற் கவலைக்கு வருவோம்.

'ஹலால் கிடைக்கும்' என்று ஒரு முகவர் சொன்னால் அதோடு திருப்திப்பட வேண்டாம். அந்தச் சொல்லுக்குக் கப்பல்களில் மூன்று அர்த்தம் உண்டு. ஒன்று, சான்றிதழ் பெற்ற தனிச் சமையலறையும் உணவகமும். சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட சில கப்பல்களில் இது இருக்கிறது. இரண்டு, ஹலால் இறைச்சியை வாங்கிப் பொதுச் சமையலறையில் சமைப்பது. மூன்று, வெளியே சமைத்து உறையவைத்த பொதியைச் சூடாக்கித் தருவது. இதில் எது என்று எழுத்தில் கேளுங்கள். பதிவு செய்யும்போதே கேளுங்கள். புறப்படும் வாரத்தில் கேட்டால் கப்பலில் இருப்பதைத்தான் தர முடியும். 'பன்றி இறைச்சி இல்லை' என்ற பலகை ஹலால் என்று பொருள்படாது.

கப்பலில் ஏறியதும், முதல் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே உணவு மண்டபத்தின் தலைமைப் பரிசாரகரைச் சந்தியுங்கள். நல்ல கப்பல்களில் மறுநாள் பட்டியலை முதல் நாள் இரவே உங்களிடம் காட்டித் தெரிவு செய்யச் சொல்வார்கள். இந்தக் கேள்விகளை மறக்காமல் கேளுங்கள்: மீனையும் பன்றியையும் ஒரே எண்ணெயில் பொரிக்கிறார்களா? சோஸில் வைன் சேர்ந்திருக்கிறதா? சூப்புக்கு எந்த எலும்பின் சாறு? புடிங்கிலும் ஜெலியிலும் இருக்கும் ஜெலற்றின் எதிலிருந்து? கேக்கில் ரம் ஊற்றியிருக்கிறார்களா? மீன்தானே, மரக்கறிதானே என்று எடுத்த தட்டிலும் வைன் இருக்கலாம். ஹலால் ஒழுங்கு இல்லாத கப்பலில் இந்தியச் சைவ உணவு கேட்பது மனதுக்கு நிம்மதி.

பஃபேயில் எல்லாக் கரண்டியும் எல்லாப் பாத்திரத்துக்கும் போகும். ஆகவே கூட்டம் கூடுமுன், திறந்த உடனே போங்கள். நுழையும்போது சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். கப்பல்களில் பரவும் நோரோ வைரஸ் என்ற வாந்தி வயிற்றோட்டக் கிருமிக்கு, கையில் தேய்க்கும் ஜெல் போதாது. தண்ணீரும் சவர்க்காரமும்தான் மருந்து. ஐந்து வேளை வுழூச் செய்யும் நமக்கு இது புதிதல்ல.

பிள்ளைகள் பஃபேயில் மலையாகக் குவித்து, பாதியை விட்டெழும்புவார்கள். "கொஞ்சம் எடு, முடித்துவிட்டு இன்னொரு தடவை போ" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இலவசமாய்க் கிடைத்தாலும் வீண்விரயம் வீண்விரயம்தான்.

இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு முறைகள் உண்டு: குறித்த நேரம், குறித்த மேசை என்பது ஒன்று, விரும்பிய நேரம் போவது மற்றது. மஃரிப் நேரத்தைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், குறித்த மேசையே நல்லது என்பேன். அதே பரிசாரகர் தினமும் வருவார்; உங்கள் வீட்டின் ஹலால் தேவையைத் தினமும் புதிதாக விளக்கத் தேவையில்லை. உடையைப் பற்றிய தயக்கமும் வேண்டாம். அபாயா, சல்வார், சாரி எல்லாமே அந்த மண்டபத்துக்குக் கண்ணியமான உடைதான்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் வீடுகளில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து சாப்பிடும் பழக்கம் எவ்வளவு அழகானது! ஆனால் அந்தச் சஹனை நிரப்பியவள் பெரும்பாலும் கடைசியில்தான் உட்காருவாள். ஆறிய சோறு, அடியில் கிடக்கும் கறி. கப்பலின் மேசையில் அவளுக்கும் ஒரு கதிரை இருக்கிறது. அவள் தட்டும் மற்றவர்களோடு ஒன்றாய், சுடச்சுட வருகிறது. "உம்மா, நீங்க எழும்ப வேணாம்" என்று பிள்ளைகளைச் சொல்லப் பழக்குங்கள். முதல் நாள் அவளுக்குக் கையும் காலும் சும்மா இராது. மூன்றாம் நாள் பழகிவிடும்.

தொழுகை

பிரயாணிக்கு மார்க்கம் தந்த சலுகைகள் இருக்கின்றன. நான்கு ரக்அத் தொழுகைகளைச் சுருக்கவும், ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழவும் வழியுண்டு. உங்கள் பயணத்தின் நாள் கணக்கை ஊர் ஆலிம் ஒருவரிடம் சொல்லி, எப்படி என்று தெளிவாகக் கேட்டுக்கொண்டு போங்கள்.

கிப்லாவுக்கு ஓர் எளிய குறிப்பு. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரை, நம் ஊரில் போலவே, மேற்கிலிருந்து சற்று வடக்காகத்தான் கிப்லா. கப்பலும் போகும்போது வடமேற்காகவே போகிறது. ஆகவே போகும் வழியில் கப்பலின் முன்பக்கத்தை நோக்கிச் சற்று இடமாகத் திரும்பினால் கிப்லா ஏறக்குறைய அங்கேதான். திரும்பி வரும்போது அது பின்பக்கம். கைபேசித் திசைகாட்டி இரும்புச் சுவர்களுக்கு நடுவே தடுமாறும். அறைத் தொலைக்காட்சியில் கப்பலின் பாதையைக் காட்டும் படத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். நின்று தொழ முடியாதபடி தலை சுற்றினால் உட்கார்ந்து தொழலாம்.

பொழுதுபோக்கு

மறுநாள் என்னென்ன நடக்கும் என்ற பட்டியல் முதல் நாள் மாலையே கிடைத்துவிடும்; இப்போது பல கப்பல்களில் கைபேசிச் செயலியிலேயே வருகிறது. இரவில் குடும்பமாக உட்கார்ந்து, அடுத்த நாளுக்கு இரண்டோ மூன்றோ விஷயங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பார்க்க ஓடினால், ஊரிலே பள்ளிக்கூட வேனுக்கு ஓடுவதைப் போலத்தான் இருக்கும்.

அரங்க நிகழ்ச்சிகளில் மாயாஜாலம், உடல்வித்தை போன்றவை பிள்ளைகளோடு பார்க்கக்கூடியவை. மற்றவை எப்படி என்று முன்கூட்டி விசாரியுங்கள். இடத்தையும் முன்பதிவு செய்யுங்கள். சூதாட்ட மண்டபம் பெரும்பாலும் கப்பலின் நடுவே, ஒரு பெரிய வழியிலேயே இருக்கும். அதைக் கடக்காமல் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகும் தட்டு எது என்று கப்பல் வரைபடத்தில் பார்த்துப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள்.

மூன்று வயதிலிருந்து பிள்ளைகளுக்கென ஒரு கழகம் இருக்கும்; ஒப்பமிட்டு விட்டு, ஒப்பமிட்டு எடுக்க வேண்டும். நெப்பி கட்டும் பிள்ளையைச் சேர்க்கமாட்டார்கள். அங்கே தரும் இனிப்பு வகைகளில் ஜெலற்றின் இருக்கலாம் என்பதைப் பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுங்கள். நீச்சல் தடாகத்தில் உயிர்காப்பாளர் எல்லாக் கப்பலிலும் இருப்பதில்லை. "அவர் பார்ப்பார், இவர் பார்ப்பார்" என்று விட்டுவிடாதீர்கள். வீட்டில் வளர்ந்த ஒருவர், கையில் கைபேசி இல்லாமல், தடாகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது எப்போதும் உம்மாவாகவே இருக்கவேண்டும் என்றும் இல்லை. வாப்பாவுக்கும் கண் இருக்கிறது.

பெண்களுக்கென்று தனி நீச்சல் நேரம் பெரும்பாலான கப்பல்களில் இல்லை. நீச்சலுக்கென்றே தைத்த முழு உடையை அனுமதிப்பார்களா என்று முன்பே கேளுங்கள். ஆனால் நமக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு ஒன்று இருக்கிறது. ஸுபஹுக்குப் பிறகு மேல்தட்டில் கூட்டம் இராது. கடல் விடிவதை ஒரு பிளேன்டீயோடு பார்த்திருங்கள். அடுப்பு மூட்ட வேண்டாம், சாப்பாட்டுப் பொதி கட்ட வேண்டாம். மலாக்கா நீரிணை உலகின் மிக நெருக்கமான கடல்வழிகளில் ஒன்று. இரவெல்லாம் விளக்கேற்றிப் போன சரக்குக் கப்பல்கள் விடியலில் ஒவ்வொன்றாய் உருவம் பெறுவதைக் காண்பீர்கள்.

பினாங்கில் இறங்கும்போது

கிள்ளான் துறைமுகத்திலிருந்து கோலாலம்பூர் போக வீதியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வாகன நெரிசல் வேறு. வயதானவர்கள் இருந்தால் அன்று கப்பலிலேயே இளைப்பாறலாம். ஆனால் பினாங்கில் கட்டாயம் இறங்குங்கள். கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை, ஜோர்ஜ் டவுன் நகரின் விளிம்பிலேயே இருக்கிறது. 2008இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த நகர் அது.

அங்கே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பியது. அதைச் சுற்றிய தெருக்களில் நம் மொழி கேட்கும். நாசி கண்டார் என்ற சோறும் கறியும் அந்த மக்களின் கைவண்ணமே. ஒரு காவடித்தடியின் இரு முனையிலும் கூடைகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து விற்றதால் வந்த பெயர். பயணத்தில் எந்தக் கேள்வியும் கேட்காமல் நீங்கள் வயிறாரச் சாப்பிடும் இடம் அதுவாக இருக்கும்.

சற்றுத் தள்ளி லெபு ஆச்சே, ஆச்சேத் தெரு. ஹஜ்ஜுக்குக் கப்பலில் போன காலத்தில் அந்தப் பிரதேசத்துப் பயணிகள் வந்து கூடிய தெரு அது. வாரக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டிய அந்தப் பயணத்துக்கு அரிசியும் சட்டியும் பெட்டி பெட்டியாய் வாங்கிக் கட்டினார்கள். நம் மூத்தம்மாமார் கப்பலேறியதும் அப்படித்தான். அந்தத் தெருவில் நிற்கும்போது அவர்களுக்காக ஒரு துஆச் செய்யுங்கள்.

நேரத்தில் கவனம். கப்பல் எந்த நேரத்துக்குப் புறப்படும் என்பதல்ல, எந்த நேரத்துக்கு உள்ளே இருக்க வேண்டும் என்பதையே எழுதிக்கொள்ளுங்கள். புக்கெட்டில் உள்ளூர் நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி பிந்தியது. கப்பலின் நேரம் எதுவென்று கேட்டு, கைக்கடிகாரத்தை அதற்கே வையுங்கள். கப்பல் ஒழுங்குசெய்த பஸ் தாமதித்தால் பொதுவாகக் காத்திருப்பார்கள். நீங்களாகப் போன வாகனம் தாமதித்தால் காத்திருக்கமாட்டார்கள்.

கடைசி இரவு

பெரிய பைகளைக் கடைசி இரவு அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுக்கும் உடை, செருப்பு, மருந்து, கடவுச்சீட்டு எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுத்து வையுங்கள். இரவு உடுப்போடு இறங்க நேர்ந்தவர்களின் கதைகள் கப்பல்களில் நிறைய உண்டு! கணக்குச் சீட்டை வரிக்கு வரி பார்த்து, பிழையிருந்தால் அன்றே திருத்துங்கள். உங்களுக்காக உழைத்த அறைப் பணியாளருக்கும் பரிசாரகருக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். அவர்களும் மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து உழைப்பவர்கள். நம் வீடுகளிலிருந்து வெளிநாடு போனவர்களை நினைத்தால் அது நமக்குப் புரியும்.

இந்தக் குறிப்புகளையெல்லாம் நீங்கள் ஒருவரே சுமக்காதீர்கள். ஒரு தாளில் எழுதி, விசா வேலை கணவருக்கு, ஹலால் கடிதம் மூத்த மகளுக்கு, பணக் கணக்கு மகனுக்கு என்று பிரித்துக் கொடுத்துவிடுங்கள். கப்பலுக்குப் போகுமுன்பே வேலையைப் பங்கிடத் தெரிந்த வீட்டில், திரும்பி வந்த பிறகும் அந்தப் பழக்கம் கொஞ்சமாவது தங்கும், இன்ஷா அல்லாஹ்.